இருபத்திரண்டாம் நம்பர் காலுறைப் பட்டி

புனிதவதிக்குக் கோபம் வந்தால் முதலில் அது தையல் மெசினுக்குத்தான் தெரியும். மிதியை ஓங்கி மிதிப்பாள். ஊசி முறியும். சுவிஸில் பேர்ண் நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி, ஒரு மேட்டில் இருந்த முதியோர் இல்லத்தின் கெல்லரில், நிலத்துக்குக் கீழே, சலவையும் தையலுமாக அவள் பதினேழு வருடம் வேலை செய்துவிட்டாள். முறிந்த ஊசிகளைக்கூட அவள் எறிந்ததில்லை. ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டு வைத்திருந்தாள். கழன்ற சட்டைத் தெறி, கொளுக்கி, அறுந்த நாடா, வெட்டிக் கழித்த துணித் துண்டு எல்லாம் அந்தப் பேணிக்குள்தான். கூட வேலை செய்த போர்த்துக்கல்காரி அதைக் குப்பைப் பேணி என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். எறிந்த அடுத்த நாளே தேவைப்படாத சாமான் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது புனிதவதியின் கட்சி.

அந்தக் கெல்லரில் ஒரு சட்டம் இருந்தது. அறுபத்தெட்டு முதியவர்களின் உடுப்பும் ஒன்றாகத்தான் மெசினுக்குள் விழும். அதனால் புதிதாக எந்த உடுப்பு வந்தாலும் முதல் வேலை பெயர் ஒட்டுவது. சின்னத் துணிப் பட்டியில் பெயரை அச்சடித்து, சூட்டுத் தகட்டுக்குக் கீழே வைத்துப் பத்து விநாடி அமுக்கினால் துணியோடு உருகிப் பிடித்துவிடும். பிறகு நகத்தால் பிய்த்தாலும் வராது. பெயர் ஒட்டிய உடுப்பு அந்தப் பெயர்க்காரருடையது. அவர் சம்மதிக்காமல் அதை யாரும் எடுக்கக் கூடாது. மகளும் எடுக்கக் கூடாது, நேர்ஸும் எடுக்கக் கூடாது. ஒரு கம்பளிச் சட்டைக்காக இரண்டு கிழவிகள் கைகலந்த பிறகு இல்லத் தலைவர் ஹெர் மார்ட்டி தானே எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லா மாடியிலும் ஒட்டிவிட்ட சட்டம் அது.

2012 மே மாதம் அந்த ஹெர் மார்ட்டிதான் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து அவளுடைய மேசையில் வைத்தார். மார்ட்டி கதைக்கும் ஜேர்மன் மொழி பத்திரிகையில் வரும் டொச். ஒரு சொல்லும் கசங்கி இருக்காது. புருசனின் பெயரைச் சேர்த்து ஃப்ராவ், திருமதி, என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

"ஃப்ராவ் பாலேந்திரன், முகட்டறையைத் துப்புரவாக்கியபோது கிடைத்தது. நூறாவது ஆண்டு விழாவுக்குக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். கழுவி, தைத்து, அழகாக்கித் தாருங்கள்."

உள்ளே சின்னப் பிள்ளைகளின் உள்சட்டைகள் எட்டு. முதியோர் இல்லமாவதற்கு முன்பு அந்தக் கட்டடம் ஆதரவில்லாத பிள்ளைகளின் விடுதி. 1912இல் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் போட்டவை இவை. "க்ஸ்டெல்ட்லி" என்றார் மார்ட்டி. மலை ஏறுகிறவர்கள் இடுப்பில் பூட்டும் பட்டியைத்தான் அவளுடைய மகள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் இதற்குத்தான் அந்தப் பெயராம். கையில்லாத தடித்த பருத்திச் சட்டை. தெறியெல்லாம் முதுகில். அடிவிளிம்பிலிருந்து ஒரு காலுக்கு இரண்டாக நான்கு இலாஸ்ரிக் பட்டிகள் தொங்கும். பட்டி நுனியில் கொளுக்கி. தொடை வரை ஏறும் கம்பளிக் காலுறையை அந்தக் கொளுக்கியில் மாட்டினால் அது கீழே இறங்காது. பெடியன்களும் பெட்டைகளும் அதைத்தான் போட்டார்கள். ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் சிவப்பு நூலால் ஒரு நம்பர் தைத்திருந்தது. பெயர் ஒன்றிலும் இல்லை.

மூன்று நாள் அந்தப் பெட்டியோடு மாரடித்தாள். துருக் கறைக்குத் தேசிக்காயும் உப்பும். தெறி போன இடத்துக்குப் பேணியிலிருந்து எலும்புத் தெறி. ஒன்றை எலி தின்றிருந்தது, அதைக் கழித்தாள். மற்ற ஆறும் முழுசாகத்தான் இருந்தன. இருபத்திரண்டாம் நம்பர் சட்டையில் மட்டும் இடது காலுக்குரிய இரண்டு பட்டியும் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் குட்டையாக நுனி மட்டும் நின்றது.

அந்த நுனியை அவள் பார்க்காமல் விடவில்லை. இழுபட்டு அறுந்த இலாஸ்ரிக் நூல் நூலாகத் தும்பு விடும். இவை இரண்டும் ஒரே நேர் வெட்டு. கத்தரிக்கோல் என்று கை சொன்னது. நூறு வருடத்துப் பழசு, யார் எதற்கு வெட்டினார்களோ என்று மனம் அதைக் கடந்து போய்விட்டது. குட்டைகளைத் தையல் பிரித்துக் கழற்றிப் பேணிக்குள் போட்டாள். புது இலாஸ்ரிக்கைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழுப்பாக்கினாள். எலி தின்ற சட்டையின் கொளுக்கிகளை எடுத்துப் பூட்டினாள். தைத்து முடித்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தபோது எது பழசு எது புதுசு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மார்ட்டி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டும் பார்த்தார். "எது புதியது?" என்று கேட்டார். இல்லத்துப் பத்திரிகைக்கு அவளைச் சட்டையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பதினேழு வருடத்தில் முதல் படம்.

புதன்கிழமை காலை ஏழு சட்டைகளையும் தள்ளுவண்டியின் மேல் தட்டில் அடுக்கி, கீழ்த் தட்டில் வழக்கமான உடுப்புகளோடு மூன்றாம் மாடிக்குப் போனாள். கடைசி அறை ஃப்ராவ் லீனா ஸ்டெட்லருடையது. வயது எண்பத்தெட்டு. கால் இரண்டும் ஏலாது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கிழவி கதைப்பது பேர்ண் ஊர்ப் பேச்சு. பதினேழு வருடம் கேட்டுக் கேட்டு அது புனிதவதியின் காதில் இப்போது யாழ்ப்பாணத் தமிழ் மாதிரியே வந்து விழும்.

"வா, வா. போன கிழமை என்ர கம்பளிச் சட்டையைப் பொம்மைக்குப் போடுற அளவுக்கு எடுத்துவிட்டாய். இண்டைக்கு எதைச் சுருக்கிக்கொண்டு வந்தனி?"

"சட்டை சுருங்கேல்ல. நீங்கள்தான் கேக் திண்டு பெருத்திட்டீங்கள்."

"பெருத்தால் என்ன, எனக்கு இனி மாப்பிள்ளையோ பாக்கப் போகினம்? உதென்ன மேல வெள்ளையா?"

புனிதவதி பெருமையோடு மேலிருந்த சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். அது இருபத்திரண்டாம் நம்பர்.

கிழவியின் கை மட்டும் நீண்டது. சிவப்பு நம்பரைத் தடவியது. பிறகு நேராக இடது பக்கத்துக்குப் போனது. இரண்டு பட்டியையும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

"இதை ஆர் தைச்சது?"

"நான்தான். தெரியுதே? ஹெர் மார்ட்டிக்கே தெரியேல்ல."

சட்டை புனிதவதியின் முகத்தில் வந்து விழுந்தது.

"உன்னை ஆர் தைக்கச் சொன்னது? கேக்கிறன், ஆர் சொன்னது? எண்பத்திரண்டு வருசம் அது அப்பிடியே கிடந்தது. உனக்கு மூண்டு நாள் காணும், இல்லாமல் பண்ணிப்போட்டாய்."

புனிதவதிக்கு முகம் எரிந்தது. மூன்று நாள் வேலை. கண் பூத்துப்போன வேலை. "நூறு வருசத்துச் சட்டை. நீங்கள் பிறக்க முந்தித் தைச்சது. உங்களுக்கு என்ன வந்தது?" என்று அவளும் திருப்பிக் கேட்டாள்.

"எனக்கு முந்தி ஒருத்தி போட்டவள். வளர்ந்தால் அதே நம்பரில பெரிய சட்டை தருவினம். நம்பர் சட்டையில இருக்கிறது, பிள்ளையில இல்லை. ஆறு வயசில என்னை இஞ்ச கொண்டுவந்து விட்டவங்கள். அண்டையில இருந்து பத்து வருசம் நான்தான் இருபத்திரண்டு. லீனா எண்டு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. கதவைச் சாத்திப்போட்டு இரு. இரு எண்டு சொல்லுறன்."

புனிதவதி இருந்தாள். கிழவி சொன்னாள்.

தெறி முதுகில் இருந்தபடியால் தன் சட்டையைத் தானே பூட்ட முடியாது. விடியற்காலையில் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று, பின்னுக்கு நிற்கிறவர் முன்னுக்கு நிற்கிறவரின் தெறியைப் பூட்ட வேண்டும். வரிசையின் தலையில் விடுதித் தலைவி நிற்பாள். அவளுடைய இடுப்பில் நாடாவில் கத்தரிக்கோல் தொங்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் லீனாவிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நேற்றையச் சூப் சட்டி கழுவிய தண்ணீர் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். வாத்தியார் பாதிரியாரிடம் சொன்னார். பாதிரியார் தலைவியிடம் சொன்னார்.

"அடுத்த நாள் வரிசையில என்னை மட்டும் திருப்பி நிப்பாட்டினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். இடது பக்கம் ரெண்டையும் நறுக் நறுக்கெண்டு வெட்டினாள். நாக்கை இழுத்துப் பிடிக்கத் தெரியாதவள் இனி கால்மேஸை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நடக்கட்டும் எண்டாள். நவம்பர் மாசம். பள்ளிக்கூடத்துக்கு அரைமணித்தியால நடை. கயிறு கட்டினாலும் அவிட்டுப் பாப்பாள். ஒரு கையில மேஸ், மற்றக் கையில புத்தகம். ஊர்ப் பிள்ளையள் பனியை உருட்டி எறிஞ்சால் முகத்தை மறைக்க எனக்கு மூண்டாவது கை இல்லை. பங்குனி வரைக்கும்." கிழவி போர்வையை விலக்கினாள். இடது தொடையில் உள்ளங்கை அளவுக்கு ஊதா நிறத்தில் செத்துப்போன தோல். "குளிர் கடிச்சது. டொக்டர்மாருக்கு இது என்னெண்டு தெரியாதாம்."

"ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையோ?"

"சொல்லாமல்? ஊர்ச் சபையில சொன்னன். அப்ப நீ சின்னப் பிள்ளை, மாறி நினைக்கிறாய் எண்டவை. சொல்லேக்குள்ள எனக்கு வயசு அம்பது. இஞ்ச வந்த முதல் கிழமை மார்ட்டியிட்டச் சொன்னன். ஆதாரம் இருக்கோ எண்டான். இருக்கு எண்டன். பதினாறு வயசில இஞ்சயிருந்து போகேக்குள்ள அந்தப் பெட்டியை முகட்டுக்கு ஏத்தினதே நான்தான். அவனுக்கு முகட்டறைப் பூட்டுத் திறப்பு அஞ்சு வருசமாக் கிடைக்கேல்லையாம். விழா வந்தவுடன கிடைச்சிட்டுது. எடுத்து நேரா உன்ர கையில குடுத்திருக்கிறான்." சுவர்ப் பக்கம் திரும்பினாள். "உன்ர கை கெட்டிக்காரக் கை. அதுதான் வந்த வினை. போ."

கெல்லருக்கு இறங்கி வந்து புனிதவதி அன்றைக்கு மூன்று ஊசி முறித்தாள். முதல் ஊசி கிழவி மேல் உள்ள கோபத்தில். இவ்வளவு காலம் தோய்த்துக் கொடுத்ததற்கு முகத்தில் எறிகிறாள், பார். இரண்டாவது மார்ட்டி மேல். மூன்றாவது முறிந்தபோது யார் மேல் என்று அவளுக்குத் தெரிந்தது. மெசினை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அவளுடைய தமையன் இரவீந்திரன் ஆமிக் காம்பிலிருந்து வந்தபோது, அவனுடைய சேட்டின் முதுகில் சப்பாத்து அடியும் இரத்தமும் அச்சுப் போலப் பதிந்து இருந்தது. அன்று பின்னேரமே அந்தச் சேட்டைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கிக் கொடியில் விரித்தவள் இவள்தான். அழுக்கைக் கண்டால் கழுவுவது என்ற ஒரு பழக்கம். இரண்டு வருடம் கழித்துச் சுவிஸில் அகதி விசாரணையில் அவளை இருத்தி, உங்கள் அண்ணனை அடித்ததற்கு ஏதும் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வெள்ளையாய்த் தோய்ந்து கொடியில் ஆடிய சேட்டுத்தான் கண்ணுக்குள் வந்தது. இல்லை என்றாள். கேட்டவர் எழுதிக்கொண்டார். அந்த "இல்லை" இருபத்தொரு வருடமாக அவளுடைய நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது பார்த்தால் அதே கை, அதே வேலை.

பேணியைத் திறந்து கொட்டினாள். ஊசிக்கும் தெறிக்கும் இடையில் அந்த இரண்டு குட்டையும் கிடந்தன. எடுத்து ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்தாள்.

பின்னேரம் மார்ட்டியின் அறைக்குப் போனாள். மேசையில் காட்சி அட்டைகள் அச்சடித்து வந்து கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். 'பிள்ளைகளின் காலுறைப் பட்டிகள். ஓடியாடி விளையாடியதில் அறுந்தவை எங்கள் தையல் பிரிவில் அன்போடு சீர்செய்யப்பட்டன.'

"இது விளையாடி அறுந்ததில்லை" என்றாள். "கத்தரிக்கோலாலை வெட்டினது. வெட்டு நுனியை நான் கண்ணாலை பாத்தனான்."

மார்ட்டி சிரித்தார். "ஃப்ராவ் ஸ்டெட்லர் கதை சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது எண்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அந்த விடுதித் தலைவியின் பேத்தி வருகிறார், பழைய படமும் தந்திருக்கிறார். ஒரு முதியவரின் குழப்பத்தை நம்பி விருந்தாளியை அவமதிக்க முடியுமா? சரி, வெட்டு எங்கே? காட்டுங்கள்." அவள் வாயைத் திறக்க முதல் அவரே பதிலையும் சொன்னார். "நீங்கள்தான் தைத்துவிட்டீர்களே. மிக அழகாக."

கைலேஞ்சி அவளுடைய சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைக்கக் கை உன்னியது. வைத்தால் அது அவருடைய மேசை லாச்சிக்குள் போகும், லாச்சித் திறப்பும் ஐந்து வருடத்துக்குக் கிடைக்காது என்று நினைத்துக் கையை இறுக்கிக்கொண்டாள்.

"உங்கள் வேலை சலவை, ஃப்ராவ் பாலேந்திரன். வரலாறு இல்லை. இனிமேல் அந்தச் சட்டைகளில் கை வைக்க வேண்டாம். வைத்தால் எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டி வரும்."

வீட்டில் சோறு போடும்போது கரண்டி சத்தம் போட்டது. அவளுடைய புருசன் பாலேந்திரன் ஆஸ்பத்திரிக் குசினியில் இருபது வருடமாகக் கிழங்கு சீவுகிறவர். சத்தம் கேட்டாலே விசயம் விளங்கிவிடும். விசாரித்து அறிந்தவுடன் விசயத்திலிருந்து கையைக் கழுவிவிட்டார்.

"நீர் பேசாமல் இரும். உமக்கு ஏன் உந்த வெள்ளைக்காரற்ற குடும்பச் சண்டை? வேலை போனால் ஐம்பது வயசில ஆர் உம்மை எடுக்கிறது?"

"எனக்கு நாப்பத்தெட்டு."

"ஓ, பெரிய குமரி. தைச்சது தைச்சாச்சு. விடும்."

"அதுதானப்பா சொல்லுறன், தைச்சது நான். அந்தத் தலைவி வெட்டினாள், நான் மூடினன். அவளுக்கும் எனக்கும் இப்ப என்ன வித்தியாசம்?"

"நீர் தெரியாமல் செய்தனீர்."

"நேற்று வரைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பாத்துக்கொண்டு பேசாமல் நிண்டால் தெரிஞ்சு செய்ததுதானே."

மகள் வேணுகா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். நேர்ஸிங் படிக்கிற பிள்ளை, இங்கேயே பிறந்தவள். "அம்மா, அவர் கைவைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் அதை எடுத்தால் அந்த நிமிசமே பறிச்சுப் பெட்டியில போட்டுடுவார். அது இல்லத்தின்ர சொத்து."

"இல்லத்தின்ர சொத்தெண்டு அதில எழுதியிருக்கோ? நம்பர் மட்டும்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போன புனிதவதி, கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. பாலேந்திரன், மனிசி அடங்கிவிட்டாள் என்று நினைத்து இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலையில்லாத நாள். விழா பத்து மணிக்கு. எட்டரைக்கே வந்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளை விரிப்பு விரித்த நீள மேசையில் ஏழு சட்டையும் கிடந்தன. பின்சுவரில் ஆளுயரத்துக்குப் பெருப்பித்த பழைய படம், வரிசையாகப் பிள்ளைகள், பக்கத்தில் தலைவி. பூச்சாடி வைத்துக்கொண்டிருந்த பெடிச்சி குட்டன் மோர்கன் சொன்னாள். புனிதவதியும் சொல்லிவிட்டு, இருபத்திரண்டாம் நம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள்.

ஸ்டெட்லர்க் கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புனிதவதி கைலேஞ்சியை அவிழ்த்து அவளுடைய மடியில் வைத்தாள்.

கிழவி ஒன்றை எடுத்து வெட்டு விளிம்பில் விரலை ஓட்டினாள். "எறியேல்லையோ?"

"நான் ஒண்டும் எறியிறேல்லை. கெல்லருக்கு வாறீங்களோ? பக்கத்தில இருந்து பாருங்கோ, பிறகு என்ர முகத்தில எறியக் கூடாது."

சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு லிப்டில் இறங்கினார்கள். தேயிலைச் சாயம் போட்ட புது இலாஸ்ரிக்கின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பழைய ஊசித் துளை துணியில் இன்னும் வரிசையாகத் தெரிந்தது. அதே துளைகளில் குட்டைகளை வைத்துக் கையால் தைத்தாள். மெசினைத் தொடவில்லை. அன்றைக்கு மெசினைத் தொட்டிருந்தால் மெசினே முறிந்திருக்கும்.

"இனி ஒரு வேலை இருக்கு. இது உங்கட உடுப்போ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நவம்பரில இருந்து பங்குனி வரைக்கும் போட்டனான். என்ர இல்லாமல் ஆற்றை?"

புனிதவதி அச்சு மெசினில் பெயரை அடித்தாள். லீனா ஸ்டெட்லர். கழுத்துப் பட்டியின் உட்புறம் வைத்துச் சூட்டுத் தகட்டைப் போட்டாள். பத்து விநாடி.

பத்தரைக்கு மார்ட்டி பேசி முடிக்கும் தறுவாயில் அவர்கள் மண்டபத்துக்குள் வந்தார்கள். நாற்பது பேர் வரை இருந்தார்கள். கேக் வெட்டக் காத்திருந்தார்கள். மேசையில் ஆறு சட்டையும் ஒரு வெறும் இடமும் இருப்பதை மார்ட்டி அப்போதுதான் கண்டார். கிழவியின் மடியில் ஏழாவது இருந்தது. அதை விரித்து, அந்த வெறும் இடத்தில் தானே வைத்தாள்.

முன்வரிசையில் இருந்த தலைவியின் பேத்தி, அறுபது வயது மதிக்கத்தக்க பெண், எழும்பி வந்து குனிந்து பார்த்தார். அட்டையையும் வாசித்தார். "ஓடியாடி அறுந்ததாம். பாவம், குழப்படிப் பிள்ளை போல."

"குழப்படி இல்லை" என்றாள் புனிதவதி. தன் டொச் இலக்கணம் பிசகும் என்று தெரியும். பிசகட்டும். "நான் இஞ்ச பதினேழு வருசமாத் தைக்கிறன். அறுந்தால் தும்பு நிக்கும். இது பாருங்கோ, ரெண்டும் ஒரே நேர். கத்தரிக்கோல். கிழமைத் தொடக்கத்தில நான் தெரியாமல் மூடித் தைச்சனான். இண்டைக்குப் பிரிச்சுப்போட்டன்."

"ஆர் வெட்டினது எண்டும் கேள்" என்றாள் லீனா ஸ்டெட்லர். குரல் உயரவில்லை. கை மட்டும் சுவரைக் காட்டியது.

எல்லோரும் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். தலைவியின் இடுப்பில், வெள்ளை மேலங்கிக்கு மேலே, நாடாவில் கத்தரிக்கோல் தொங்கியது. படம் வந்த நாளிலிருந்து அங்கேதான் தொங்கியது. ஆளுயரத்துக்குப் பெருப்பித்தவர் மார்ட்டிதான்.

கிழவி நவம்பரிலிருந்து பங்குனி வரைக்கும் சொன்னாள். சூப் சட்டி கழுவிய தண்ணீரிலிருந்து தொடங்கிச் சொன்னாள். யாரும் கேக்கைத் தொடவில்லை. பேத்தியின் கழுத்து சிவந்துபோனது. "அம்மம்மா கண்டிப்பானவர்தான்" என்று எதையோ தொடங்கி, வெட்டுப்பட்ட நுனியில் கை பட்டதும் நிறுத்திக்கொண்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தார்.

மார்ட்டி பக்கவாட்டில் வந்தார். பற்களுக்குள்ளால் கதைத்தார். "சட்டையைத் தாருங்கள். இது காட்சிப் பொருள். இல்லத்தின் சொத்து. அலுவலகத்தில் பத்திரமாக வைக்கிறேன்." கை மேசைக்கு நீண்டது. லீனா ஸ்டெட்லர் முந்திக்கொண்டு எடுத்து மடிக்குள் அமுக்கினாள்.

"ஹெர் மார்ட்டி, கழுத்துப் பட்டிக்கு உள்ளுக்குப் பாருங்கோ" என்றாள் புனிதவதி. கிழவி அந்த விளிம்பை மட்டும் புரட்டிக் காட்டினாள்.

பார்த்தார்.

"பேர் ஒட்டின உடுப்பை அந்த ஆள் சம்மதியாமல் ஒருத்தரும் எடுக்கக் கூடாது. உங்கட கையெழுத்தோட கதவுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கு. வாசிக்கட்டோ?"

"நீங்கள் யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்?"

"உடுப்புக்காரியை."

பின்வரிசையில் ஒரு கிழவர் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். கம்பளிச் சட்டைச் சண்டையை நேரில் கண்டவர் அவர். மார்ட்டியின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்யப் போனது.

திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மார்ட்டி அதைக் கெல்லர் மேசையில் வைத்து, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்றார். 'காட்சிப் பொருளுக்குச் சேதம் விளைவித்தமை' என்று எழுதியிருந்தது. புனிதவதி இரண்டு தரம் வாசித்தாள்.

"சேதம் எண்டு எழுதுறதெண்டால் முதல் சேதம் தைச்சது. அதுக்கு நீங்கள் படம் எடுத்துப் பத்திரிகையில போட்டனீங்கள். அதையும் சேத்து எழுதுங்கோ, கையெழுத்துப் போடுறன்."

அவர் சேர்த்து எழுதவில்லை. அவள் கையெழுத்துப் போடவும் இல்லை. கடிதம் அவளுடைய கோப்பில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது என்று கேள்வி. வேலை போகவில்லை. சம்பள உயர்வு அந்த வருடம் எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. பாலேந்திரன் அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் சோறு சாப்பிட்டார். அவள் கரண்டியால் பதில் சொன்னாள். கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.

லீனா ஸ்டெட்லர் அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். கம்பளிச் சட்டை சுருங்கியது, போர்வையில் கஞ்சி மணக்கிறது என்று கிழமைக்கு ஒரு முறைப்பாடு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இரவுச் சட்டை, மேல்சட்டை, துவாய் என்று எல்லா உடுப்பும் அவளுடைய பெயரோடு கெல்லருக்கு இறங்கி வந்து ஏறிப் போகும். அந்த ஒரு உடுப்பு மட்டும் கடைசி வரைக்கும் கழுவ வரவில்லை.